உப்பு பார்க்கிற ஆள்

ஜூன் 2, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சம்பழத் தோல், ரோஜாப்பூ, தைலம் நாலையும் ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்து, என்ன தெரிகிறது என்று குறிக்க வேண்டுமாம். அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிளகாய் மட்டும் சுடுகிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு ஒன்றும் கிடையாது. திரும்பி வருமா என்று கேட்டேன். "சிலருக்குச் சீக்கிரம் வந்துரும்மா, சிலருக்கு நாளாகும்" என்றார். வராதவர்களைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார். வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அருப்புக்கோட்டையில் வேலுத்தாய் மெஸ் என்று எந்த ஆட்டோவில் ஏறிச் சொன்னாலும் கொண்டுவந்து விடுவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டுக்கறி மட்டும்தான். அந்த வேலுத்தாய் நான்தான் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டாம். நாக்கு செத்துப்போனது ஊருக்குத் தெரிய வேண்டாம். வீட்டுக்காரரிடம் மதுரைக்குச் சட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதனால் ஒரு சட்டியும் வாங்கி வந்தேன்.

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ரோஜா: இல்லை. தைலம்: மூக்கு எரிகிறது.

ஜூன் 3, செவ்வாய்

நாலும் இல்லை. இந்த டைரியை டாக்டரிடம் காட்டப் போவதில்லை. இல்லை இல்லை என்று எழுதி இன்னொருவர் கையில் கொடுக்க நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? எழுத உட்கார்ந்தால் எனக்கென்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

நாக்கு இல்லாமல் சமைக்க முடியாது என்று யார் சொன்னது? வெங்காயம் வதங்கிவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். மசாலா பச்சை வாடை போய்விட்டதா என்பதை எண்ணெய் பிரிகிற ஓரம் காட்டிக்கொடுக்கும். கறி வெந்துவிட்டதா என்பதைக் கரண்டி முனையில் அழுத்தினால் கறியே சொல்லும். உப்பு என் கைக்குத் தெரியும். இத்தனை வருடம் கல்லுப்பை அள்ளிய கை இது.

இருந்தாலும் பேச்சி பக்கத்தில் நிற்கிறாள். மசாலா அரைப்பதில் இருந்து பாத்திரம் கழுவுவது வரை என்னோடு கிடப்பவள், கண் என் மேல்தான் இருக்கும். அதனால் வழக்கம்போல உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விட்டு, நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு, இறக்கு" என்றேன். வெந்நீரை நக்கியது போல இருந்தது.

ஒரு எரிச்சல். எங்கள் வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்து கூட்டமெல்லாம் போன பிறகு மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவார். கல்யாணம் ஆனதில் இருந்து அதுதான். இப்போது கொஞ்ச நாளாகப் பதினொரு மணிக்கே தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் வந்து நிற்கிறார். "என்னங்க, அவ்வளவு அவசரம்?" என்றால் "பசிக்குது" என்கிறார். வயசாக ஆகச் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிறார். சட்டியை இறக்கக்கூட விட மாட்டேன் என்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் மெஸ் வாசலில் செருப்புக்கு இடம் இருக்காது. இன்று அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற ஜன்னல் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடத்தில் சாப்பிடுகிறவர்களை உட்கார்ந்து பார்த்தது இல்லை. நான் என் சட்டியைத்தான் பார்த்திருக்கிறேன்.

கண்டக்டர் சௌந்தரபாண்டி முதலில் கறியைத் தொடவே மாட்டான். குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்து ஒரு பக்கமாகச் சாப்பிடுவான். கறித்துண்டுகளை இலையின் மேல் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவைத்து, ரசச்சோற்றுக்கு என்று காப்பாற்றுவான். பக்கத்தில் உட்கார்ந்தவன் கை தெரியாமல் அந்தப் பக்கம் போனாலே ஒரு பார்வை பார்ப்பான். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வறுவல் மட்டும் கேட்பார், இரும்புச்சத்துக்காக என்று தினமும் சொல்வார், இன்றைக்கு மூன்று தட்டு இரும்புச்சத்து உள்ளே போனது. ஒரு புது மாப்பிள்ளை தன் இலையில் விழுந்த நல்லி எலும்பை எடுத்துப் பெண்டாட்டி இலையில் வைத்தான். அந்தப் பெண் அதை உறிஞ்சினாள், வரவில்லை, உள்ளங்கையில் தட்டினாள், வரவில்லை, கடைசியில் மேசை ஓரத்தில் ஒரு போடு போட்டாள் பாருங்கள், கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. உறிஞ்சி முடித்துவிட்டு எலும்பின் ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள், மிச்சம் இருக்கிறதா என்று.

சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. என் கையால் ஆக்கியது எல்லோர் வாயிலும் இருக்கிறது, என் வாயில் இல்லை.

ஜூன் 11, புதன்

சுக்கா அடிப்பிடித்துவிட்டது. பேச்சி பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். நான் அதே அடுப்புப் பக்கத்தில்தான் நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, கருகுற வாடை வரலையா ஒனக்கு?"

"சளி பிடிச்சிருக்குடி."

"காய்ச்சலுக்கு அப்புறம் ஒனக்குச் சளியே போகலையேக்கா" என்றாள். பேச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மேலாக இருந்ததை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

மோசமான நாள். நாங்கள் எப்போதும் கறி வாங்குகிற மீரான் பாய் பேத்தி கல்யாணம் என்று கடை அடைத்துவிட்டார். வேறு கடையில் நானே போய் வாங்கினேன். வெள்ளாடு, நல்ல சிவப்பு, தொடைக்கறியை விரலால் அழுத்தினால் பள்ளம் திரும்பி எழும்பியது. இளசு என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அது காயடிக்காத கிடா. மொச்சை நாற்றம் அடித்திருக்கிறது. இறைச்சியை மூக்குக்குக் கொண்டுபோனாலே குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும் அந்த வாடை. நான் மூக்குக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோனேன் என்பதுதான் கொடுமை.

பதினொரு மணிக்குத் தட்டோடு வரும் மனிதர் இன்று சந்தைக்குப் போய்விட்டார், வெங்காயம் விலை கேட்க. பேச்சியும் இலை போடுகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். முதல் பந்தி இலைகள் உள்ளே வந்தபோது கறி அப்படியே இருந்தது. ஒருவரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. நம் ஊரில் ருசி நன்றாக இருந்தாலும் பேச மாட்டார்கள், கெட்டிருந்தாலும் பேச மாட்டார்கள், இலைதான் பேசும். சௌந்தரபாண்டி மட்டும் கை கழுவப் போகிறபோது, "யக்கா, கறி இன்னைக்கு ஒரு மாதிரி" என்றான்.

மிச்சத்தை எல்லாம் கீழே கொட்டச் சொன்னேன். முட்டைக் குழம்பு வைத்து மீதிப் பந்தியை ஒப்பேற்றினோம். எங்கள் மெஸ்ஸில் முட்டைக் குழம்பு. எழுதவே கை கூசுகிறது.

இரண்டு மணிக்கு வெங்காயம் இல்லாமல் வந்தார். பேச்சி அவரிடம் வாசலில் ஏதோ சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது. "இனிமே கறி எடுக்க நான் போறேன்" என்றார். போகட்டும், எனக்கும் வெயிலில் அலைய ஆசையா?

ஜூன் 17, செவ்வாய்

செய்தி எப்படித்தான் பறக்கிறதோ. கொழுந்தன் அழகுராசா மதுரையில் இருந்து காரில் வந்து இறங்கினான். இவருடைய தம்பி. மதுரையில் ஏசி போட்ட ஓட்டல் வைத்திருக்கிறான், சமைக்க ஒரு மாஸ்டர், அவருக்குத் தலையில் வெள்ளைத் தொப்பி. இங்கே எங்கள் மெஸ்ஸைத் தன் ஓட்டலுக்குக் கிளையாக்கி, என் பெயரை மட்டும் போர்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

சாப்பிட்டான். நிதானமாக மென்று, "மதினி, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பழைய கை இல்லையே" என்றான்.

"கை அப்படியேதான் இருக்கு. பாரு" என்று அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"கோவப்படாதீங்க மதினி. ஒங்களுக்கும் வயசாகுதுல்ல? இந்த ஆடிக்குக் கருப்பன் கோயில் கிடா வெட்டு அண்ணன் முறை. நம்ம பங்காளிக எல்லாரும் வர்றாக. நான் மாஸ்டரை அனுப்புறேன். நீங்க சும்மா உக்காந்து வேடிக்கை பாருங்க. அப்புறம் மெஸ் விசயத்தையும் அங்கேயே பேசிக்கிருவோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. பங்காளிகள் எல்லோர் முன்னாலும் வேலுத்தாய்க்கு முடியவில்லை என்று ஆகிவிட்டால், பிறகு மெஸ் அவன் கைக்குப் போவதுதான் நியாயம் என்று ஊரே சொல்லும்.

"முறை எங்களுது. அடுப்பு என்னுது. ஒன் மாஸ்டர் வந்தா வெங்காயம் உரிக்கட்டும்" என்றேன்.

இவர் கல்லாவில் உட்கார்ந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். பேசாத மனிதரைக் கட்டிக்கொண்டால் சண்டையும் நாமே போட வேண்டும், சமாதானமும் நாமே ஆக வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

கறி இல்லாத நாள் என்பதால் அடுக்களை சும்மா கிடந்தது. உட்கார்ந்து யோசித்தேன்: ஆட்டுக்கறி ருசி எப்படி இருக்கும்? நினைவில் இருந்து எடுத்து எழுதிப் பார்க்கலாம் என்றால் வார்த்தை வரவில்லை. நெஞ்செலும்பு என்று எழுதினால் நெஞ்செலும்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, நாக்குக்கு வர மாட்டேன் என்கிறது.

பேச்சியிடம் கேட்டேன்.

"ஏடி, கறி எப்படிடி இருக்கும்?"

"கறி மாதிரி இருக்கும்."

"அது தெரியுதுடி. ருசி?"

"நல்லா இருக்கும்."

"கோழி மாதிரியா?"

"கோழி கோழி மாதிரி இருக்கும்க்கா. என்னாச்சு ஒனக்கு?"

நேற்று சௌந்தரபாண்டியிடம் கேட்டேன், அவன் நல்லாருக்கும் என்றான். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தமிழ் எம்.ஏ. படித்தவர். அவரும் யோசித்து யோசித்து, "பிரமாதமா இருக்கும்மா" என்றார். எங்கள் வீட்டுக்காரரைக் கேட்கவே வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்று என் கையால் போட்ட குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நல்லாருக்கு என்றவர்தான், இன்றுவரை அடுத்த வார்த்தை கிடையாது. உப்பு கூடினாலும் நல்லாருக்கு, குறைந்தாலும் நல்லாருக்கு.

நானும் விடுவதாக இல்லை. தினமும் ஒரு கிண்ணம் கறி சாப்பிடுகிறேன். ருசி இல்லாமல் போனால் என்ன மிச்சம் இருக்கிறது என்று கவனிக்கிறேன். சூடு இருக்கிறது. ஈரல் பல்லில் மாவு போல ஒட்டுகிறது. தொடைக்கறி நார் நாராகப் பிரிகிறது. கொழுப்பு உதட்டில் பூசிக்கொள்கிறது, ரொம்ப நேரம் அங்கேயே இருக்கிறது. குடல் ரப்பர் மாதிரி எதிர்த்துக்கொண்டு நிற்கிறது, அதை எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

கிராம்பு: இல்லை. மற்றதையும் எழுத வேண்டுமா?

ஜூலை 6, ஞாயிறு

இன்று எழுதியே ஆக வேண்டும். கடந்த மூன்று வாரமாக ஒரு இலைகூட மிச்சத்தோடு உள்ளே வரவில்லை. இன்று முதல் பந்தியில் நாலு பேர் குழம்பு கேட்டுக் கையை நீட்டியபடியே இருந்தார்கள். சௌந்தரபாண்டி ஒதுக்கிவைத்த கறியை ரசம் வரும்வரை காப்பாற்ற முடியாமல் பாதியிலேயே தின்றுவிட்டான். ஒரு பெரியவர் விரலை மணிக்கட்டுவரை நக்கிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, மறுபடி ஒருமுறை நக்கினார்.

நாக்கு இல்லாமல் நான் சமைக்கிறேன். டாக்டரும் அழகுராசாவும் என் கண் முன்னால் இருந்தால் காட்டியிருப்பேன். கடவுள் எடுத்துக்கொண்டதை என் கை திருப்பி எடுத்துக்கொண்டது.

எரிச்சல்: உப்புச் சாடியை யாரோ திறந்து திறந்து வைக்கிறார்கள். பேச்சியைத் திட்டினேன். அவள் அழுதுகொண்டு போனாள். அழும்படி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எண்ணெய் டின் இறக்கி வைத்த கையோடு கொல்லைப்பக்கமாக அடுக்களைக்குள் வந்தேன். பேச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்து வாசலில் காவல் நின்றாள். எங்கள் வீட்டுக்காரர் என் குழம்புச் சட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். கண்ணை மூடினார். சாடியில் இருந்து உப்பை எடுத்துப் போட்டார், கிளறினார், மறுபடி நக்கினார்.

"எத்தனை நாளா?" என்றேன்.

கரண்டி கீழே விழுந்தது. பேச்சிதான் சொன்னாள்.

"நீ காய்ச்சல் முடிஞ்சு எந்திரிச்சு வந்த மறுநாள்ல இருந்துக்கா. அன்னைக்குக் கொழம்புல உப்பே இல்ல. அண்ணன்தான் யார்ட்டயும் சொல்லாதன்னாரு."

அப்படியென்றால் நான் டாக்டரிடம் போவதற்கு முன்பே இவருக்குத் தெரியும். பதினொரு மணிப் பசி, சட்டியை இறக்கவிடாமல் நின்றது, எல்லாம் இதுதான். நக்கப்பட்ட விரல்கள், துடைத்த இலைகள், என் கை, என் கை என்று ஒரு வாரத்துக்கு முன்னால் இதே டைரியில் எழுதினேனே. என் கை இல்லை. அவர் நாக்கு.

நன்றி வரும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு குருடியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம். அவளுக்குத் தெரியாமல் அவள் காலை எடுத்து எடுத்து வைத்துவிட்டு, நீயாகத்தான் நடக்கிறாய் என்று நம்பவிடலாமா?

"என் சட்டிப் பக்கம் இனிமே வராதீங்க" என்றேன். போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 15, செவ்வாய்

பேசவில்லை. அவர் எப்போதும் பேச மாட்டார் என்பதால் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 19, சனி

அவர் சட்டிப் பக்கம் வருவதில்லை. பொய் எழுத மாட்டேன். ஒரு நாள் சரியாக வருகிறது, ஒரு நாள் தவறுகிறது. வியாழக்கிழமை உப்பு கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். நேற்று கறி இல்லாத நாள், தப்பித்தேன். இன்று எல்லோரும் தண்ணீராகக் குடித்தார்கள், ஜாடி ஜாடியாக.

கைக்கு உப்பு தெரியும். ஆனால் எல்லா ஆடும் ஒன்றில்லை, எல்லா நாள் தக்காளியும் ஒன்றில்லை. கடைசியில் ஒரு நாக்கு சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

கோயிலுக்கு மூன்று நாள். இவர் வாசல்படியில் நின்றுகொண்டு, செருப்பைப் பார்த்தபடி, "இந்த வருசம் மட்டும் தம்பி மாஸ்டரே செய்யட்டுமே" என்றார்.

"ஏன்?"

"அங்க நான் உப்பு பார்க்க முடியாதே."

அதுதான் விஷயம். கருப்பனுக்குப் படையல் போடுகிறவரை சமைக்கிறவர்கள் உட்பட யாரும் ஒரு சொட்டு வாயில் வைக்கக் கூடாது. முதலில் சாமி சாப்பிட வேண்டும். உப்பு, காரம் எதுவும் பார்க்காமல்தான் ஆக்கி இறக்க வேண்டும். அது எங்கள் பங்காளிகள் வழக்கம்.

"அங்க யாருமே உப்பு பார்க்க முடியாது. அன்னைக்கு எல்லாருக்குமே நாக்கு இல்ல. நான் ஒருத்திதான் அதுல பழகினவ" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. நான் பார்க்காதது போல உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

விடியற்காலையிலேயே கிடாய்கள் வெட்டியாகிவிட்டது. வேப்பமரத்தடியில் கல்லடுப்பு. அழகுராசாவின் மாஸ்டரும் வந்திருந்தார், தொப்பி இல்லாமல், உண்மையிலேயே வெங்காயம் உரித்தார், நல்ல மனிதர். இவரை அடுப்புப் பக்கம் நிற்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். போய்த் தேரடி நிழலில் உட்கார்ந்தார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

கொப்பரையில் எண்ணெய் ஊற்றியதில் இருந்து இறக்கும்வரை எல்லாம் என் கண், என் காது, என் கை. கறி கொதிக்கிற சத்தம் முதலில் சலசலவென்று இருக்கும், வெந்துவிட்டால் கனத்துப்போய் மெதுவாகக் குமிழ் விடும். உப்பு அள்ளும்போது மட்டும் ஒரு கணம் நின்றேன். போன வாரம் எல்லோரும் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடித்தது ஞாபகம் வந்தது. கொஞ்சம் குறைத்துப் போட்டேன். குறைத்தது நான்தான், தெரிந்துதான் குறைத்தேன்.

படையல் முடிந்து இலை போட்டார்கள். முதல் வரிசையில் சின்ன மாமனார் கருத்தமுத்து, எங்கள் பங்காளிகளில் மூத்தவர். பக்கத்தில் அழகுராசா. பிசைந்து வாயில் வைத்தார்கள். நான் விரல்களைப் பார்த்தேன். ஒரு விரலும் வாய்க்குள் தங்கவில்லை. நல்லி எலும்பை ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள். இரண்டு மாதமாக ஜன்னலில் உட்கார்ந்து படித்த படிப்பு, எனக்குத் தெரிந்துவிட்டது.

அழகுராசா தலையைத் தூக்கினான். "உப்பு பத்தலையே. நான்தான் அப்பவே சொன்னேன், மதினிக்கு முடியல, மாஸ்டரை…"

"ஏய்" என்றார் சின்ன மாமனார். "படையல் சோத்துல குத்தம் சொல்லுவியா? போன வருசம் ஒன் முறைக்கு ஒன் மாஸ்டர் ஆக்குனது கடலாக் கரிச்சுச்சு. ஒருத்தன் வாயத் தொறந்தமா? தின்னுட்டு எந்திரிடா."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அழகுராசா வாயை மூடிக்கொண்டான். எல்லோரும் மறுபடி குனிந்து மெல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு வெற்றி மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாய்களைப் பார்த்தேன். சாமிக்குப் பயந்து, எனக்குப் பாவம் பார்த்து, ருசி இல்லாததை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். என் கறியை யாரும் அப்படித் தின்றது இல்லை. தின்ன விடவும் மாட்டேன்.

உப்புத் தட்டை எடுத்துக்கொண்டு முதல் இலைக்கு வந்தேன்.

"மாமா, சும்மா திங்க வேண்டாம். உப்பு கம்மிதான். எனக்குக் காய்ச்சல்ல நாக்கு செத்துப்போச்சு. உப்பும் தெரியல, புளியும் தெரியல, வாசனையும் இல்ல. வருமான்னு டாக்டருக்கே தெரியல. அதுக்காக அடுப்பை விட்டு எந்திரிக்க மாட்டேன். கை நீட்டுங்க."

சின்ன மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இலை ஓரத்தைக் காட்டினார். வைத்தேன். தொட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். எலும்பை எடுத்துத் தரையில் இலைக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

வரிசையாகப் போனேன். ஒவ்வொரு இலைக்கும் உப்பு வைத்தேன். அழகுராசா இலைக்கும் வைத்தேன், கொஞ்சம் தாராளமாகவே. எனக்குப் பின்னால் எலும்பு தட்டுகிற சத்தம் ஒன்று, இரண்டு என்று கிளம்பி வரிசை முழுக்க வந்தது. கடைசியில் இவர் உட்கார்ந்திருந்தார். உப்பு வைக்கப் போனேன். இலையில் ஒன்றும் இல்லை. அப்படியே சாப்பிட்டு முடித்திருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன். பதினைந்து நாளில் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"நல்லாருக்கு" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

ஊருக்குத் தெரிந்துவிட்டது. இன்று இரண்டு பேர் வாசல்வரை வந்து, ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். போகட்டும். சௌந்தரபாண்டி உட்கார்ந்தான், "யக்கா, உப்புத் தட்டு எங்க?" என்றான். விளையாட்டுக்குத்தான். கரண்டியைக் காட்டினேன்.

ஜன்னல் பக்கத்து முக்காலியைத் தூக்கி அடுப்புக்கு முன்னால் போட்டேன், கூடத்தில் சாப்பிடுகிற எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. கல்லாவில் இருந்த மனிதரைக் கூப்பிட்டேன். பேச்சியைக் கல்லாவுக்கு அனுப்பினேன், அவளுக்கு ஒரே பெருமை.

"ஒளிஞ்சு வர வேண்டாம். இங்க உக்காருங்க. நாக்கு உங்களோடது, கை என்னோடது. நீங்களா ஒரு கல்லு உப்பு போடக் கூடாது. எனக்குச் சொல்லணும், நான் போடுவேன். நல்லாருக்குன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"பின்ன என்ன சொல்றது?" என்றார். உண்மையிலேயே பயந்துபோய்க் கேட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிராம்பு: இல்லை. ரோஜா: இல்லை. டாக்டரிடம் போகும்போது இவரையும் கூட்டிக்கொண்டு போவேன். என்ன வேலை என்று கேட்டால் சொல்லுவேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கூட்டம் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். முக்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்து நக்கிப் பார்ப்பதை வேடிக்கை பார்க்கவே நாலு பேர் வருகிறார்கள்.

எல்லோரும் போன பிறகு, மூன்று மணிக்கு, பழைய நேரத்துக்கு, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நல்லி எலும்பு இரண்டு எடுத்துவைத்திருந்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் என்னுடையதை உறிஞ்சினேன். சூடாக, வழுவழுவென்று ஏதோ வந்தது, போனது.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் உறிஞ்சினார். தட்டில் தட்டினார், மறுபடி உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். நல்லாருக்கு என்று வாய் திறக்கப் போனதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"மொதல்ல சூடு" என்றார். "அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு வழவழப்பு. அதுக்கு உள்ளாற இருந்து ஒரு இனிப்பு வருது. சீனி இனிப்பு இல்ல. சோத்தை ரொம்ப நேரம் மென்னா வருமே, அது. அது போகையில உப்பு. கொழுப்பு நாக்குல விரிச்சுப் படுத்துக்கிருது, எந்திரிக்க மாட்டேங்குது. அப்புறம்…" என்று நிறுத்தினார்.

"அப்புறம்?"

"மிளகு. தொண்டையைப் பிடிக்குது. மத்ததை எல்லாம் அமுக்கிருது." கொஞ்சம் தயங்கினார். "கூடப் போட்டுட்ட. நீ எப்பவுமே மிளகு கூடத்தான் போடுற."

"எப்பவுமேன்னா? காய்ச்சலுக்கு முன்னாடியுமா?"

"கல்யாணத்துல இருந்து."

இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. இந்த மனிதர் என் சமையலில் ஒரு குறை சொன்னதும் இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் பயந்துபோய், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்.

நாளைக்கு மிளகைக் குறைத்துப் போட வேண்டும்.